"நான் செஞ்ச பாவம்தான்" என்று நோயாளி சொல்லும்போது என்ன செய்வது?

கூழாங்கல்:

புற்றுநோயாளிகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் பாலியேட்டிவ் (வலி, வேதனை தணிக்கும்) குழுவுக்குப் புதிதாக வரும் தன்னார்வலர்களுக்கு ஒருநாள் பயிற்சி தயாரிக்கிறேன். புண் கட்டுவது, மார்ஃபின் நேரம், படுக்கைப்புண் எல்லாவற்றுக்கும் குறிப்பு இருக்கிறது. சாமி பற்றிய பகுதி மட்டும் "நோயாளியின் நம்பிக்கையை மதிக்கவும்" என்ற ஒற்றை வரியோடு நிற்கிறது. அதை வைத்துக்கொண்டு வாசலில் செருப்பைக் கழற்றுவது தவிர வேறெதுவும் செய்ய முடியாது.

தாங்கிப் பிடிக்கும் பக்தி எது, உள்ளே அரிக்கும் பக்தி எது என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது? மதவழிச் சமாளிப்பை அளக்க 14 கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்று உண்டே, அதைத் தன்னார்வலர் கையில் கொடுக்கலாமா? விரதம், மொட்டை, தீமிதி என்று வேண்டுதல் வரும்போது எங்கே சரி சொல்லலாம், எங்கே தடுக்க வேண்டும்? நோயாளியோடு நேரடியாக வேலை செய்கிறவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

சாய்வுநாற்காலி:

அளவுகோல் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். நீங்கள் சொல்வது பிரீஃப் ஆர்கோப். கென்னத் பார்கமென்ட்டும் சக ஆய்வாளர்களும் 1998-இல் வெளியிட்டது. 7 கூற்று சாதகம் (கடவுளைத் துணையாகப் பற்றிக்கொள்வது), 7 கூற்று பாதகம் (கைவிட்டார், தண்டிக்கிறார் என்ற வகை), ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். ஆக ஒரு பக்கத்துக்கு 21. சாதகத்திலிருந்து பாதகத்தைக் கழித்து ஒரே எண்ணாக்குவதுதான் புதியவர்கள் செய்யும் தப்பு. இவை ஒரே தராசின் இரண்டு தட்டுகள் அல்ல. காலையில் பதிகம் பாடித் தேறுகிறவரே ராத்திரி "என்னைக் கைவிட்டுட்டியே" என்று அழுவார். இரண்டு எண்ணும் உயரமாக இருக்கலாம். இதைத் தாண்டினால் ஆபத்து என்று ஒரு கோடும் அதில் கிடையாது.

பாதகப் பக்கத்தில் பெரும்பாலோர் வரிசையாக 0 போட்டுவிடுவார்கள். வந்திருக்கும் அந்நியர் முன்னால் சாமியைக் குறை சொல்ல நாக்கு எழாது. அதனால் "மொத்தமே 2தானே" என்று தாளை மடிக்காதீர்கள். ஒரே கூற்றில் 2 விழுந்திருந்தால் அந்தக் கூற்றை எடுத்துப் பேச வேண்டும்.

நம் ஊரில் இதைவிடப் பெரிய சிக்கல் மொழிபெயர்ப்பு. அந்தக் கூற்றுகள் அமெரிக்கக் கிறித்தவப் பின்புலத்தில் பிறந்தவை. "என் சபை என்னைக் கைவிட்டதோ" என்று ஒரு கூற்று வரும்; கோயிலுக்குப் போகிறவருக்குச் சபை ஏது? "சாத்தான் வேலை" என்பதற்கு நம்மிடம் செய்வினை, கண்ணேறு, காத்துக்கருப்பு என்று ஏழெட்டு உறவினர்கள் இருக்கிறார்கள். "கடவுள் தண்டிக்கிறார்" என்பதுதான் ரொம்ப வழுக்கும். "சாமி தண்டிச்சிட்டாரா?" என்று கேட்டால் "சாமி எதுக்குத் தண்டிக்கப் போறாரு" என்பார், தாளில் 0. அடுத்த மூச்சில் "எல்லாம் என் வினை" என்பார். அந்த வினை எந்தக் கட்டத்திலும் விழாது. மதிப்பெண் குறைவாக இருக்கும், ஆள் நொறுங்கிப்போயிருப்பார். ஆகவே தன்னார்வலர் கையில் அந்தத் தாளைக் கொடுக்காதீர்கள். காதைத் தீட்டச் சொல்லிக்கொடுங்கள்.

எதைக் கேட்கத் தீட்டுவது? "விதி", "தலையெழுத்து" என்கிறவர் பெரும்பாலும் பழியைத் தன் தலையிலிருந்து இறக்கி வைக்கிறார். யாரோ எழுதியது, நான் எழுதியதல்ல என்பது பொருள். அதைப் போய்ப் பிடுங்க வேண்டாம். "பாவம்" என்கிறவர் பழியைத் தூக்கிச் சுமக்கிறார். "சாபம்" என்றால் அங்கே இன்னொரு ஆள் இருக்கிறார், பெரும்பாலும் குடும்பத்துக்குள்ளேயே. "தோஷம்" என்றால் அதற்கு ஒரு பரிகாரமும் ஒரு செலவுக் கணக்கும் ஏற்கனவே பேசப்பட்டிருக்கும். நான்கையும் "மூடநம்பிக்கை" என்றோ "ஆன்மிகம்" என்றோ ஒரே பையில் போட்டால் எதுவும் தெரியாது.

ஆய்வுகளின் சாரமும் இந்தத் திசையில்தான் இருக்கிறது. 2015-இல் கேன்சர் என்ற மருத்துவ இதழில் 44,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் தரவைத் திரட்டிய தொகுப்பாய்வுகள் வந்தன. எத்தனை முறை கோயிலுக்கோ சர்ச்சுக்கோ போகிறார் என்பதைவிட, உள்ளே அமைதியும் பொருளும் இருக்கிறதா, கடவுளோடு உரசலா என்பதுதான் நலத்தோடு நெருக்கமாகச் சேர்ந்து வந்தது. "கைவிட்டார், தண்டிக்கிறார்" என்ற வகை எண்ணம் மனச்சோர்வோடு சேர்ந்தே நடக்கிறது என்பதையும் பல ஆய்வுகள் சொல்கின்றன. எது எதற்குக் காரணம் என்பதை மட்டும் அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். சோர்வு நோய் பிடித்தவருக்குச் சாமியும் இருட்டாகத்தான் தெரியும். சில சமயம் சோர்வுக்கு மருந்து கொடுத்ததும் சாமியோடு இருந்த சண்டையும் தானே தணியும்.

"சாதகம்" என்ற பெயரைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். 2009-இல் அமெரிக்காவில் முற்றிய புற்றுநோயாளிகள் 345 பேரைத் தொடர்ந்து பார்த்த ஆய்வில், சாதகச் சமாளிப்பு அதிகம் உள்ளவர்களே கடைசி வாரத்தில் வென்டிலேட்டர் போன்ற தீவிரச் சிகிச்சைக்கு அதிகம் உட்பட்டிருந்தார்கள். அதிசயம் நடக்கும் என்று காத்திருப்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

பயிற்சியில் எளிதாகப் புரியவைக்க வைணவத்திலேயே ஓர் உவமை கிடைக்கிறது. வடகலையார் சொல்லும் குரங்குக் குட்டி தாயை இறுகப் பிடித்துக்கொள்ளும்; தென்கலையார் சொல்லும் பூனைக் குட்டியைத் தாயே கவ்விப் போகும். "சாமியும் பாத்துக்குவாரு, நானும் ஊசி போட்டுக்குவேன்" என்பவர் குரங்குக் குட்டி. "எல்லாம் அவன் பாத்துப்பான்" என்பவர் பூனைக் குட்டி. பூனைக் குட்டியாக இருப்பதில் தவறில்லை. அடுத்த கீமோ தேதியையும் அவனிடமே விட்டுவிட்டாரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வார்டு_மணி:

வேண்டுதல் பகுதிக்கு நான் சொல்றேன். "கோயிலுக்குப் போகக் கூடாது"ன்னு மொட்டையாச் சொன்னா யாரும் கேட்க மாட்டாங்க, போயிட்டு வந்து நம்மகிட்ட மறைப்பாங்க. காய்ச்சல் வந்தாலும் மறைப்பாங்க, அதுதான் ஆபத்து. எப்போ போகலாம்னு சொல்லுங்க.

21 நாள் சுழற்சியில கீமோ போறவங்களுக்கு வெள்ளையணு பெரும்பாலும் 7-ஆம் நாளுக்கும் 14-ஆம் நாளுக்கும் நடுவுல அடிமட்டத்துக்கு வரும். அந்த வாரம் கூட்டம், திருவிழா, கோயில் குளம் எதுவும் வேண்டாம். அடுத்த கீமோவுக்கு முந்தைய சில நாள்ல ரத்தப் பரிசோதனை பார்த்து, எண்ணிக்கை ஏறியிருந்தா அப்போ போகட்டும். கூட்டம் இல்லாத பகல் நேரம், மாஸ்க். வீட்டுல தெர்மாமீட்டர் இருக்கணும். 100.4 டிகிரி காட்டினா விடியட்டும்னு காத்திருக்காம ஆஸ்பத்திரி. திருநீறு பூசிக்கலாம், ஆனா பூசிக்கிட்டே வண்டியில ஏறணும்.

தீர்த்தம் குடிக்கிறதுக்குப் பதிலா தலையில தெளிச்சுக்கலாம். சுடச்சுட வர்ற பொங்கல் பரவாயில்லை. கை பட்டுப் பிசைஞ்சு வெளியில வெச்ச பஞ்சாமிர்தம், நறுக்கின பழம், பச்சைத் துளசி இதெல்லாம் எண்ணிக்கை இறங்கியிருக்கும்போது வேண்டாம். தோலோட இருக்கிற வாழைப்பழத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவித் தானே உரிச்சுச் சாப்பிடட்டும்.

மொட்டை விஷயம் கொஞ்சம் சூட்சுமமானது. முடி கொட்டுற மருந்தா இருந்தா முதல் கீமோவுக்கு அப்புறம் 2, 3 வாரத்துல கொத்துக் கொத்தா வரும். தலையணையில பார்த்து ஒடிஞ்சு போவாங்க, அதுலயும் பொம்பளைங்க. முதல் கீமோவுக்கு முன்னாடியே பழனிக்கோ சமயபுரத்துக்கோ நேர்ந்துக்கிட்டு முடி கொடுத்துட்டா, பறிபோனது காணிக்கையாகிடுது. இதை நாமா திணிக்கக் கூடாது, அவங்க யோசிச்சா தேதியைச் சரியா வெச்சுக் கொடுக்கலாம். கீமோ ஆரம்பிச்ச பிறகுன்னா சவரக்கத்தி வேண்டவே வேண்டாம், டிரிம்மர் போதும். சின்ன வெட்டு, எண்ணிக்கை குறைஞ்ச உடம்புல சீழ் வெச்சா பெரிய கதை.

அலகு குத்துறது, தீமிதி, அங்கப்பிரதட்சிணம் மூணும் சிகிச்சை முடியிற வரைக்கும் கிடையாது. ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணு குறைஞ்சா ரத்தம் நிக்காது. சில மருந்துல பாதம் மரத்துப் போயிருக்கும், சுட்டாலே தெரியாது. எலும்புக்குப் பரவியிருந்தா உருண்டாலே முறியும். ஆனா நேர்ந்துக்கிட்டதைச் செய்யலேன்னா அந்தப் பயமே தூங்க விடாது. அதனால "விடுங்க"ன்னு நாம சொல்லாம, "வேற மாதிரி செலுத்தலாமா, அண்ணன் தம்பி யாராவது பதிலுக்குச் செய்யலாமா"ன்னு பூசாரிகிட்டயே கேட்கச் சொல்லுங்க. அவர் வாயால வந்தா மனசு ஒத்துக்கும்.

ரேடியேஷன்ல இருக்கிறவங்களுக்குத் தோல்ல மார்க்கர் கோடு போட்டிருப்பாங்க. புண்ணிய தீர்த்தத்துல முங்கி அது அழிஞ்சா மறுபடி அளவெடுக்கணும். கதிர் படுற இடத்துல சந்தனம், குங்குமம், திருநீறு, மஞ்சள் எதுவும் கூடாது, தோல் ஏற்கனவே வெந்த மாதிரி இருக்கும். நெத்தி அந்த இடத்துல இல்லேன்னா நெத்தியில தாராளமா வெச்சுக்கலாம். அக்குள் நெரிகட்டி எடுத்த பக்கத்துக் கையில காப்புக் கயிறு இறுக்கிக் கட்டக் கூடாது, கை வீங்கிடும். அடுத்த கையில கட்டலாம். எம்.ஆர்.ஐ.க்கு முன்னாடி தாயத்தைக் கழட்டணும். அதை அறுத்து ட்ரேயில வீசாதீங்க. "யார் கையில கொடுக்கட்டும்?"னு கேட்டு, வீட்டு ஆள் கையில கொடுத்து, முடிஞ்சதும் திரும்பக் கட்ட விடுங்க. ரெண்டு நிமிஷ வேலை, அதுக்கப்புறம் அந்த அம்மா உங்ககிட்ட எதையும் மறைக்க மாட்டாங்க.

விரதம்: கேப்சிடபைன்ங்கிற கீமோ மாத்திரை சாப்பாடு முடிஞ்ச அரை மணிக்குள்ள போடணும், ஒரு நாளைக்கு ரெண்டு வேளை. சாப்பாடே இல்லேன்னா அந்தக் கணக்கே குலையும். டெக்சாமெத்தசோன்ங்கிற ஸ்டீராய்டை வெறும் வயித்துல போட்டா குடல் எரியும். சர்க்கரைக்கு ஊசி போடுறவங்க விரதம் இருந்தா மயக்கம்தான். "உப்பில்லாம, வெங்காயம் பூண்டு இல்லாம, மூணு வேளையும்"னு விரதத்தோட வடிவத்தை மாத்தினா பலர் ஒத்துக்கிறாங்க.

ஆபரேஷனுக்கு நாள் பார்க்கிறது பத்தியும் ஒண்ணு. ஆடி போகட்டும்னு ஒரு மாசம் தள்ளினா கட்டி காத்திருக்காது. சர்ஜன்கிட்ட கேட்டு 3 தேதி வாங்கிக் கொடுங்க. "இந்த மூணுல எது நல்ல நாள்"னு ஜோசியரைக் கேட்கட்டும். அவரும் ஒண்ணைச் சொல்லித்தான் ஆகணும்.

கடைசிபெஞ்ச்:

இரண்டு விஷயம் விடுபட்டுப்போச்சு. சாமி கும்பிடாதவர்களும் நோயாளிகளில் இருக்கிறார்கள். பெரியார் படம் மாட்டிய வீட்டில் போய் "எந்தக் கோயிலுக்குப் போவீங்க" என்று தொடங்கினால் அங்கேயே முடிந்தது. "கஷ்டமான நேரத்துல எதைப் பிடிச்சுக்கிட்டு நிப்பீங்க?" என்று கேளுங்கள், எல்லாருக்கும் பொருந்தும். பேரன், கட்சி, தோட்டம், எதுவாகவும் இருக்கட்டும்.

அடுத்தது தன்னார்வலரின் பக்தி. தலையில் கை வைத்து ஜெபிப்பது, தன் குருவின் படத்தைத் தலைமாட்டில் வைப்பது, "எங்க சாமிகிட்ட வந்து பாருங்க" என்பது, எதுவும் கூடாது. படுத்திருப்பவரால் எழுந்து போக முடியாது. நோயாளியே சேர்ந்து ஜெபிக்கக் கேட்டால் அவருடைய வார்த்தையில் அவரே ஜெபிக்கட்டும், நாம் கூட அமர்ந்திருக்கலாம். அதேபோல "சாமி இல்லை"யைப் பரப்பவும் அது இடமல்ல.

கூழாங்கல்:

மூவருக்கும் நன்றி. தாயத்து விஷயத்தை அப்படியே சேர்த்துக்கொள்கிறேன். ஒரு இடத்தில் இன்னும் இடறுகிறது. "நான் என்ன பாவம் செஞ்சேன்" என்று ஒரு அம்மா கேட்ட அந்த நொடியில் தன்னார்வலர் வாயில் என்ன வர வேண்டும்? 30 வருடம் புகையிலை போட்டு வாயில் புற்று வந்தவர் "நானே தேடிக்கிட்டது" என்றால்? அதில் பாதி உண்மைதானே?

சாய்வுநாற்காலி:

வரக்கூடாதது எது என்று முதலில் சொல்கிறேன்: "ச்சே, அப்படியெல்லாம் இல்லம்மா." அன்பாகச் சொல்வதுதான். ஆனால் கதவு சாத்திவிடும். அவர் உங்களிடம் பதில் கேட்கவில்லை. "கடவுள் சோதிக்கிறார், நல்லவங்களைத்தான் சோதிப்பார்" என்பதும் அதே கணக்குத்தான்.

நாலைந்து நொடி சும்மா இருங்கள். பிறகு, "அப்படித் தோணுதாம்மா? எப்ப இருந்து?" அவர் பேசினால், "எதை நினைச்சுச் சொல்றீங்க?" பாவம் என்ற பொதுச் சொல்லுக்குள் பெரும்பாலும் ஒரு குறிப்பான விஷயம் இருக்கும்: பாகம் பிரித்ததில் தங்கைக்கு இழைத்த அநியாயம், கலைத்த கரு, பார்க்காமல் விட்ட மாமியார், நிறைவேற்றாத நேர்த்திக்கடன். அது வெளியே வந்தால் அதற்கு ஏதாவது செய்ய முடியும். தங்கைக்கு ஒரு போன் போடலாம். வெளியே வராவிட்டால் விடுங்கள், தோண்ட வேண்டாம், அடுத்த முறை இருக்கிறது. கருப்பைவாய்ப் புற்றில் இது கூடுதல் கவனம் கேட்கும். எச்.பி.வி. என்ற வைரஸ் உடலுறவு வழி வருவது என்று யாராவது அரைகுறையாகச் சொல்லியிருந்தால் அந்தப் பெண் தன் ஒழுக்கத்தையே குற்றக்கூண்டில் ஏற்றியிருப்பார். கணவர் அறையில் இருக்கும்போது இந்தப் பேச்சையே எடுக்காதீர்கள். மண வாழ்க்கையில் இருக்கும் யாருக்கும் வரக்கூடிய சாதாரணத் தொற்று அது, பெரும்பாலோர் உடம்பில் தானே போய்விடும் என்ற தகவலை மட்டும் தெளிவாகக் கொடுங்கள்.

புகையிலைக்காரரிடம் "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை" என்று பொய் சொல்லாதீர்கள், அவருக்கே தெரியும். காரணத்தையும் தண்டனையையும் பிரித்துக் கொடுங்கள்: "புகையிலையால வந்திருக்கலாம்யா, உண்மைதான். ஆனா இது யாரும் உங்களுக்குப் போட்ட தண்டனை இல்ல." இப்போது நிறுத்தினாலும் புண் ஆறுவதற்கு நல்லது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். குற்றவுணர்வுக்குச் செய்ய ஒரு வேலை கிடைக்கும்.

சாமியைத் திட்டுகிறவரைக் கண்டு பதறாதீர்கள். சூலை நோயில் துடித்த அப்பர் திருவதிகையில் போய் நின்று முறையிட்டதுதான் அவருடைய முதல் பதிகம் என்பது மரபு. கிறித்தவருக்கு, துன்பத்தில் கடவுளோடு வழக்காடிய பைபிளின் யோபு இருக்கிறார். கோபமும் உறவுதான். பேச்சே நின்றுபோனவரைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். 20 வருடமாக விளக்கேற்றியவர் திடீரென்று பூஜை அறையைச் சாத்திவிட்டார் என்றால் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பல வீடுகளில் நோயாளிக்கு "கட்டி", "புண்ணு" என்றுதான் சொல்லியிருப்பார்கள். கேள்வித்தாளில் "புற்றுநோய் வந்தபிறகு" என்று அச்சடித்து நீட்டினால் அதுவே அறிவிப்பாகிவிடும். "உடம்புக்கு முடியாம போனதிலிருந்து" என்று கேளுங்கள்.

பிறைநிலா:

மற்ற இரண்டு மதத்துக்கும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரமலானில் நோயாளிக்கு நோன்பு விலக்கு மார்க்கத்திலேயே இருக்கிறது. குணமானால் பிறகு நோற்கலாம், மீளாத நோயென்றால் ஒரு ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யா உண்டு. ஆனாலும் "எல்லாரும் பிடிக்கையில நான் மட்டுமா" என்ற ஏக்கம் இருக்கும். டாக்டர் சொல்வதைவிடப் பள்ளிவாசல் இமாம் வந்து சொன்னால் மனம் ஆறும். அய்யூப் நபியின் பொறுமையைச் சொல்லி "அழாதே" என்று வாயடைப்பதையும் பார்க்கலாம். அந்த நபியே தன் துன்பத்தை இறைவனிடம் முறையிட்டவர்தான்.

கத்தோலிக்க வீடுகளில் நோயில்பூசுதல் என்றாலே வீடு அலறும். பழைய பெயர் அவஸ்தைபூசுதல், சாகப்போகிறவருக்குத்தான் என்று பதிந்துபோயிருக்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு அது கடும் நோயுற்ற எவருக்கும் உரியது, ஆபரேஷனுக்கு முன்பும் பெறலாம், திரும்பவும் பெறலாம். பங்குச் சாமியாரை முன்கூட்டியே ஒருமுறை சாதாரணமாக வந்து பேசிவிட்டுப் போகச் சொன்னால் பிறகு எண்ணெயோடு வரும்போது பயம் இருக்காது.

வார்டு_மணி:

எப்போ கை மாத்தணும்னும் எழுதிடுங்க. ஒவ்வொரு தடவையும் 0-லிருந்து 10 வரை "மனக்கஷ்டம் எவ்வளவு"ன்னு கேளுங்க. 4 இல்லேன்னா அதுக்கு மேல இருந்தா நர்ஸ்கிட்ட சொல்லணும். அதுக்கு முன்னாடி வலியைக் கேளுங்க. வலி 8-ல இருக்கிறவர் "சாமி கைவிட்டுட்டாரு"ன்னு சொன்னா முதல்ல மார்ஃபின் வேளை தவறியிருக்கான்னு பாருங்க.

"சாமி சீக்கிரம் கூப்பிட்டுக்கட்டும்"னு வயசானவங்க சாதாரணமாவும் சொல்வாங்க. கண்டுக்காமப் போகாதீங்க. "நீங்களா உயிரை விட்டுடலாம்னு தோணுதா?"ன்னு நேராக் கேளுங்க. கேட்டா எண்ணம் வந்துடும்ங்கிறது தப்பு. ஆமான்னா, எப்படின்னு யோசிச்சிருக்காங்களான்னு கேட்டுட்டு, ஆளைத் தனியா விடாதீங்க. வீட்டுல இருக்கிற பூச்சிமருந்தையும் மீதி மாத்திரையையும் வீட்டு ஆள் கையில ஒப்படைச்சு, அன்னிக்கே மாவட்டத் தலைமை மருத்துவமனை மனநல மருத்துவர்கிட்ட கொண்டுபோகணும். ராத்திரின்னா அரசோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழ்ல பேசலாம்.

இன்னொண்ணு, திடீர் பக்தி. நேத்து வரைக்கும் சாதாரணமா இருந்தவர் இன்னிக்கு அம்மன் வந்து பேசுறா, தூக்கமே வேண்டாம், விடிய விடியப் பாட்டுன்னா, சாமி வந்திருக்குன்னு குடும்பம் கற்பூரம் காட்டும். கீமோவோட ஸ்டீராய்டு எப்போ போட்டாங்கன்னு பாருங்க. காய்ச்சல் இருக்கா, தேதி இடம் சொல்றாரா, சாயங்காலத்துல குழப்பம் கூடுதான்னு பாருங்க. ரத்தத்துல கால்சியம் ஏறினாலும், கிருமி பரவினாலும் இப்படி ஆகும். குடும்பத்தோட வாதாட வேண்டாம். "சாமி இருக்கட்டும், ரத்தம் ஒண்ணு பாத்துடலாம்"னு சொன்னா வந்துடுவாங்க.

சாய்வுநாற்காலி:

மணி சொன்னதோடு ஒன்று. வருகைக் குறிப்பேட்டில் "கடவுள் நம்பிக்கை உள்ளவர்" என்று எழுதத் தடை போடுங்கள். அடுத்து வருகிறவருக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. அவர் சொன்ன சொல்லையே எழுதச் சொல்லுங்கள்: "குலசாமிக்குக் கிடா வெட்டாம விட்டதால வந்துச்சுன்னு சொல்றார். பெரிய மகன் வைகாசியில வெட்டறதா இருக்கார். வலி 3, மனக்கஷ்டம் 6." அடுத்த முறை போகிறவர் கிடா வெட்டியாச்சா என்று கேட்டே பேச்சைத் தொடங்கலாம்.